ஐரோப்பிய ஆய்வு நிதியில் மும்பையின் பங்கைப் பெருக்குதல்

ஐரோப்பிய ஒன்றியம் ஏழாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கெனப் பெருந்திட்டம் ஒன்றை வகுக்கிறது. 2007 முதல் 2013 வரை நடந்தது ஏழாவது கட்டமைப்புத் திட்டம். 2014 முதல் 2020 வரை ஹொரைசன் 2020. அதன் அடுத்த கட்டமான ஹொரைசன் யூரோப், 2021 முதல் 2027 வரைக்குமானது; தொடக்கத்தில் இதற்கு ஒதுக்கிய தொகை 95.5 பில்லியன் யூரோ. இதன் பெரும்பாலான அழைப்புகளில் உலகின் பெரும்பாலான நாடுகளின் நிறுவனங்கள் சேரலாம். ஆனால் சேர்வது வேறு, பணம் பெறுவது வேறு. மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு துறை ஐரோப்பியக் கூட்டாய்வில் இறங்கும் முன் தெளிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அறிவியல், தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாட்டில் 2001 நவம்பரில் கையெழுத்திட்டன. அது பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2020 ஜூலை உச்சிமாநாட்டின்போது மேலும் 5 ஆண்டுகளுக்கு நீண்டது. ஏழாவது கட்டமைப்புத் திட்டக் காலத்தில் இந்திய நிறுவனங்கள் ஐரோப்பிய நிறுவனங்களைப் போலவே நேரடியாக நிதி பெற முடிந்தது. ஹொரைசன் 2020 வந்தபோது அந்த வசதி நின்றது. இந்தியா, சீனா, பிரேசில் போன்ற பெரிய பொருளாதாரங்கள் தங்கள் ஆய்வாளர்களின் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் நிலைப்பாடு. ஹொரைசன் யூரோப்பிலும் அதே விதிதான். இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. குறிப்பிட்ட ஓர் அழைப்பே இந்தியாவுக்கு நிதி உண்டு என்று சொல்லியிருக்கலாம். அல்லது இந்தியப் பங்காளி இல்லாமல் அந்தத் திட்டம் நடக்கவே நடக்காது என்று நிதி வழங்கும் அமைப்பு ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவதை நம்பி வரவுசெலவு போடுவது விவேகமல்ல.

நிதி பெறாமல் சேரும் நிறுவனத்தை ஹொரைசன் யூரோப் 'அசோசியேட்டட் பார்ட்னர்' என்கிறது. இணைப் பங்காளி எனலாம். இணைப் பங்காளி மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை. ஆனால் திட்டத்தில் அதற்குப் பெயர் உண்டு, செய்ய வேண்டிய வேலை உண்டு, கூட்டணிக்குள்ளான உடன்படிக்கையில் உரிமையும் கடமையும் உண்டு. இல்லாதது யூரோ மட்டுமே. அந்தப் பணத்துக்கு இந்தியாவுக்குள்ளேயே வழி காண்பதுதான் பங்கேற்பைப் பெருக்கும் வேலையில் முக்கால் பங்கு. விண்ணப்பத்தை நன்றாக எழுதப் பழக்கும் பயிற்சிப் பட்டறைகள் நிறைய நடக்கின்றன. இந்தியத் தரப்புப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை முதல் அமர்விலேயே எடுக்கும் பட்டறைகள்தான் கூடுதலாகத் தேவை.

இந்தியத் தரப்புப் பணம்

இணை நிதி ஏற்பாடு என்பது இதற்காகவே உருவானது. ஓர் அழைப்பை ஐரோப்பிய ஆணையமும் இந்திய அரசுத் துறை ஒன்றும் சேர்ந்து வெளியிடும். ஐரோப்பியப் பங்காளிகளுக்கு ஆணையம் கொடுக்கும். இந்தியப் பங்காளிகளுக்கு இந்தியத் துறை கொடுக்கும். இந்தியப் பக்கத்தில் அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, புவி அறிவியல் அமைச்சகம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் ஆகியவை வெவ்வேறு காலங்களில் இப்படிக் கைகோத்துள்ளன.

அடுத்த தலைமுறை இன்ஃபுளூயன்சா தடுப்பூசிக்காக உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஐரோப்பிய ஒன்றியமும் தலா 15 மில்லியன் யூரோ ஒதுக்கியதில் இண்டிகோ, இன்சென்டிவ், எண்ட்ஃபுளூ என்ற மூன்று கூட்டணிகள் பிறந்தன. தண்ணீருக்கான 2018 அழைப்பில் ஏழு திட்டங்கள் தேறின; கான்பூரையும் தில்லியின் பாராபுல்லா கால்வாயையும் களமாகக் கொண்ட பவித்ர கங்கா அவற்றுள் ஒன்று, சரஸ்வதி 2.0 இன்னொன்று. 'சரஸ்வதி' என்ற பெயரிலேயே ஏழாவது கட்டமைப்புத் திட்டக் காலத்தில் ஒரு திட்டம் நடந்திருந்தது. முதல் திட்டத்தில் பழகிய கூட்டம் இரண்டாவது அழைப்புக்கு வரும்போது புதியவர்களைவிடப் பல படி முன்னால் நிற்கிறது. புதியவர்கள் எடுத்த எடுப்பில் தலைமைப் பொறுப்புக்கு ஆசைப்படாமல், தேறும் வாய்ப்புள்ள கூட்டணியில் சிறு பங்காக நுழைவது நல்லது. மும்பையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது: உள்ளூர் எரிசக்தி அமைப்புகளை ஒருங்கிணைக்கும் 'சஸ்டெனன்ஸ்' திட்டத்தில் டென்மார்க்கின் ஆல்போர் பல்கலைக்கழகத்தோடு இந்தியத் தரப்பில் முன்னின்றது பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாய்.

2025 மே மாதம் அறிவித்த இரண்டு கூட்டு அழைப்புகள் மும்பைக்கு நேரடியாகப் பொருந்துபவை. கடல் பிளாஸ்டிக் கழிவு பற்றியது ஒன்று; கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது பற்றியது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து இரு தரப்பின் முதலீடு சுமார் 41 மில்லியன் யூரோ. முதலாவதற்கு இந்தியப் பக்கத்தில் புவி அறிவியல் அமைச்சகம், இரண்டாவதற்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம். இதில் கவனிக்க வேண்டியது, அழைப்பு எந்த அமைச்சகத்தோடு சேர்ந்து வருகிறதோ அந்த அமைச்சகத்தின் விதிகள்தான் இந்தியப் பங்காளியை ஆளும் என்பது. ஒரே அறிவியல் விண்ணப்பத்தை இரண்டு இடங்களில், இரண்டு வடிவங்களில் அளிக்க நேரும். ஐரோப்பியப் பக்கத்தில் தேறி இந்தியப் பக்கத்தில் ஒரு படிவம் விடுபட்டால் முழுத் திட்டமும் தொங்கும்.

கூட்டு அழைப்பு இல்லாத காலத்தில் என்ன செய்வது? நிறுவனத்தின் சொந்த நிதி, ஏற்கெனவே கையில் உள்ள உள்நாட்டு ஆய்வு மானியம், தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவற்றைக் காட்டி இணைப் பங்காளியாகச் சேரலாம். ஏற்கெனவே நடக்கும் ஓர் உள்நாட்டுத் திட்டத்தின் வேலையையும் ஐரோப்பியத் திட்டத்தின் வேலையையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டுவதே இவற்றில் எளிது. மானியம் தந்த உள்நாட்டு அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

வரவுசெலவு போடும்போது இந்திய அளவுகோல்களையே பின்பற்ற வேண்டும். இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய் என 2023 முதல் உயர்த்திய உதவித்தொகையும் அதன் மேல் வீட்டு வாடகைப்படியும் அடிப்படை. கருவி வாங்குவது பொதுவாக அரசின் ஜெம் கொள்முதல் தளம் வழியாக. ஆண்டு முடிவில் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் யூடிலைசேஷன் சர்டிபிகேட். அது போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை வரும். ஐரோப்பியப் பங்காளிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானதும் முன்பணம் வந்துவிடும். இந்தியத் தவணை பிந்தலாம். முதல் ஆறு மாத வேலையை ஆள் நியமனமோ பெரிய கருவியோ தேவைப்படாத விதத்தில் அமைத்துக்கொண்டால் இந்த இடைவெளியைத் தாண்டலாம்.

மும்பையில் யாரிடம் என்ன இருக்கிறது

மாட்டுங்காவின் ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மூன்று பழைய ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாக 1933இல் தொடங்கியது இன்று ஐ.சி.டி. எனப்படும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம். 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் அங்கு அமைந்த உயிரி ஆற்றல் மையம், வேளாண் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் முறையை உத்தராகண்டின் காசிப்பூரில் நாளொன்றுக்கு 10 டன் கழிவைக் கையாளும் செயல்விளக்க ஆலை வரை கொண்டுபோனது. ஓ.என்.ஜி.சி. எரிசக்தி மையத்தோடு சேர்ந்து செம்பு–குளோரின் சுழற்சி வழியே ஹைட்ரஜன் எடுக்கும் ஆய்வும் அங்கு நடந்தது. ஹொரைசன் யூரோப்பின் விண்ணப்பங்களில் தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை என்று 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் உண்டு. ஆய்வகத்திலிருந்து ஆலை வரை போன அனுபவம் அந்த அளவுகோலில் எடை கூட்டும்.

1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியலில் வலுவானது, மும்பையின் சாலை, வடிகால், கட்டடம் பற்றிய நகர அறிவு அதன் பலம். 1924இல் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வகமாகத் தொடங்கிய சிர்காட், பருத்தியிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்கும் முன்னோடி ஆலை வைத்திருக்கிறது. துணிக்கழிவு மறுசுழற்சியிலும் உயிரிப் பொருளாதாரத்திலும் ஐரோப்பா கவனம் செலுத்தும் இக்காலத்தில் சிர்காட் தேடப்பட வேண்டிய பங்காளி. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இருப்பதால் தில்லியின் ஒப்புதல் தேவை. அதற்கான மாதங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செம்பூர்ப் பக்கம் வந்தால் 1936இல் நிறுவப்பட்டு இன்று தேவ்னாரில் இயங்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அருகிலேயே மக்கள்தொகை ஆய்வுக்கான ஐ.ஐ.பி.எஸ்., மான்குர்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். பண்பாடு, படைப்பாற்றல், எல்லோரையும் உள்ளடக்கிய சமூகம் என்ற தலைப்பில் ஹொரைசன் யூரோப்பில் ஒரு தனித் தொகுதியே இருக்கிறது. உடல்நலத்துக்கு ஒரு தொகுதி. இந்த மூன்று நிறுவனங்களுக்கும் அங்கே இடமுண்டு. ஐரோப்பியக் கூட்டணிகள் மும்பை என்றால் பவாயை மட்டும் நினைப்பதும், சமூக அறிவியல் துறைகள் ஐரோப்பிய நிதி என்றால் பொறியியலுக்கு மட்டும் என்று நினைப்பதும் இரு பக்கமும் உள்ள தவறான எண்ணங்கள். டிராம்பேயின் பாபா அணு ஆய்வு மையத்தின் வழி தனி: யூராட்டம் அமைப்போடு இந்தியா 2020 ஜூலையில் செய்துகொண்ட அமைதிவழி அணு ஆய்வு உடன்பாடும் அணுசக்தித் துறையும் அதைத் தீர்மானிக்கும்.

கூட்டணியில் சேர்வது

வழக்கமான ஹொரைசன் கூட்டாய்வுத் திட்டத்துக்கு மூன்று வெவ்வேறு நாடுகளின் மூன்று தனித்தனி நிறுவனங்கள் வேண்டும். அவை ஒன்றிய உறுப்பு நாடுகளிலோ திட்டத்தோடு இணைந்த நாடுகளிலோ இருக்க வேண்டும். ஒன்றாவது உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். இந்தியப் பங்காளி இந்த மூன்றில் ஒன்றாக எண்ணப்படாது. அதற்கு மேல் கூடுதலாகச் சேரும். நார்வே, துருக்கி, இஸ்ரேல், உக்ரைன் முதலியவை இணைந்த நாடுகள். பிரிட்டன் 2024 ஜனவரி முதல் இணைந்துள்ளது. இலண்டனோடு நெடுநாள் தொடர்புள்ள மும்பை நிறுவனங்களுக்கு இது நல்ல செய்தி. பழைய பிரிட்டிஷ் நண்பர்கள் மறுபடியும் ஐரோப்பியக் கூட்டணியைத் தலைமையேற்று நடத்தலாம்.

பங்காளியைத் தேட கார்டிஸ் என்ற பொதுத் தரவுத்தளம் போதும். ஒன்றியம் நிதி தந்த திட்டங்கள், பங்காளிகள், அறிக்கைகள் அதில் கிடைக்கும். இந்தியாவைக் களமாகக் கொண்ட பழைய திட்டங்களை எடுத்து, அவற்றை ஒருங்கிணைத்த நிறுவனங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அவர்களுக்கு இந்தியா புதிதல்ல. விசாவும் சுங்கமும் மழைக்காலமும் எப்படியென்று தெரியும். யூராக்செஸ் இந்தியா வலையமைப்பும் உதவும். நார்வே, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் தமிழ் ஆய்வாளர்களையும் அணுகலாம். ஆனால் ஊர்ப்பாசம் அறிமுகத்துக்குத்தான் உதவும், மதிப்பெண் அறிவியலுக்குத்தான்.

அனுப்பும் முதல் மடல் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். எந்த அழைப்பு, எந்த வேலைப் பொதியை (திட்டத்தின் எந்த வேலைப் பிரிவை) ஏற்க முடியும், கையில் என்ன தரவு, என்ன ஆய்வகம், எந்தக் களம், இந்தியத் தரப்புப் பணம் எங்கிருந்து வரும்: இவை மட்டும். கடைசியில் சொன்னதைத் தவறாமல் எழுத வேண்டும். பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் இந்தியப் பங்காளியை ஒருங்கிணைப்பாளர்கள் விரும்புவார்கள்.

விண்ணப்பம் மூன்று அளவைகளால் மதிப்பிடப்படும்: அறிவியல் சிறப்பு, விளைவு, செயற்படுத்தும் தரம். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 3, மொத்தம் 15க்குக் குறைந்தது 10 வேண்டும் என்பது வழக்கமான எல்லை. எல்லையைத் தாண்டுவதால் மட்டும் நிதி கிடைத்துவிடாது. வரிசையில் மேலே இருப்பவர்களுக்கே பணம். இந்தியப் பங்காளி எழுத வேண்டிய பகுதியில் ஒரு கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: இந்த வேலையை ஏன் மும்பையில் செய்ய வேண்டும்? 'மும்பை பெருநகரம், மக்கள் நெருக்கம் மிகுந்தது' என்பது விடையாகாது. மித்தி ஆறு விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரோடு தொடங்கி, தாராவியை ஒட்டி ஓடி, மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது. கடல் ஏற்றத்தின்போது ஆற்று நீர் பின்னோக்கித் தள்ளப்படும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது அந்தக் கரைகள் மூழ்கின. அலையாத்திக் காட்டில் சிக்கும் பிளாஸ்டிக்கை எந்த மாதம் எப்படி அளக்கலாம். இப்படி எழுதினால் ரோட்டர்டாமிலோ நேப்பிள்சிலோ இருக்கும் மதிப்பீட்டாளருக்கும் அது தன் ஊர்ப் பிரச்சினையாகத் தெரியும்.

தாராவி களமாகும்போது

இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தாராவி, உலகில் அதிகமாக ஆராயப்பட்ட குடியிருப்புகளில் ஒன்று. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கு வாழ்கிறார்கள். கும்பார்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர்கள். 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைத்து மறுவார்ப்புக்கு அனுப்பும் தொழில். கழிவு மேலாண்மை, நகர்ப்புற வெப்பம், காசநோய், சிறுதொழில், குடிநீர் என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் தாராவி பொருந்தும். 2020இல் கோவிட் பரவலைக் கட்டுப்படுத்திய விதத்தை உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் பாராட்டிய பிறகு அந்த ஈர்ப்பு இன்னும் கூடியது.

இதில்தான் பங்கேற்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தேவைப்படுகிறது. தாராவியின் பெயரால் ஒரு திட்டம் நிதி பெறுகிறது, வினாநிரல் ஐரோப்பாவில் தயாராகிறது, உள்ளூர் அமைப்பு ஆட்களைக் கூட்டிக்கொடுக்கிறது, முடிவு ஓர் ஆங்கில இதழில் வருகிறது. இப்படி நடந்தால் தாராவி பங்கேற்றதாகாது. இது நியாயத்தைப் பற்றியது மட்டுமன்று, ஆய்வின் தரத்தைப் பற்றியதும்தான். 13ஆம் காம்பவுண்டில் கையால் தொட்டும், உடைத்துப் பார்த்தும், தீயில் காட்டிய மணத்தாலும் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் தொழிலாளியின் அறிவு வினாநிரலில் சிக்காது. அவர் வேலைப் பொதியை வடிவமைக்கும் மேசையில் இருந்தால்தான் சிக்கும்.

நடைமுறையில் இதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். தாராவியில் வேரூன்றிய அமைப்பைத் துணை ஒப்பந்ததாரராக வைக்காமல் பெயர் சொல்லி இணைப் பங்காளியாக்க வேண்டும். பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய சினேகா அமைப்பு, இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜோடு ஆண்டுக்கணக்கில் கூட்டாய்வு நடத்தி, வெல்கம் அறக்கட்டளையின் ஆதரவோடு 2015இல் தாராவி பியென்னாலே என்ற கலை, உடல்நல விழாவையும் நடத்தியது. இது ஒன்றிய நிதி இல்லையென்றாலும் உள்ளூர் அமைப்பு ஆய்வின் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று. அடுத்தது மொழி. ஒப்புதல் படிவம் தமிழ், மராத்தி, இந்தி, உருது ஆகியவற்றில் வேண்டும். தமிழ்ப் படிவம் 90 அடிச் சாலையில் பேசும் தமிழில் இருக்க வேண்டும், அரசாணைத் தமிழில் அல்ல. மொழிபெயர்ப்புக்கும் களப்பணியாளர் ஊதியத்துக்கும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். பேட்டி கொடுப்பவர் அன்றைய கூலியை இழக்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும். மூன்றாவது, கண்டறிந்ததைப் பேட்டையில் திரும்பிச் சொல்லும் கூட்டங்களைத் திட்டத்தின் வெளியீடுகளில் ஒன்றாகவே எழுதிவிட வேண்டும். எழுதினால் அதற்கும் அறிக்கை கேட்பார்கள். எழுதாவிட்டால் கடைசி ஆண்டின் அவசரத்தில் அதுதான் முதலில் கைவிடப்படும்.

இன்னொன்றும் உண்டு. தாராவி மறுவளர்ச்சித் திட்டம் நடைபெறுவதால் நான்காண்டு ஆய்வில் எடுத்த மாதிரிக் குடும்பங்கள் மூன்றாம் ஆண்டில் அதே முகவரியில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அபாயப் பட்டியலில் இதை எழுதி, குடும்பங்களைப் பின்தொடரும் முறையையும் மாற்றுக் களத்தையும் சேர்க்க வேண்டும்.

அனுமதிகள்

வெளிநாட்டுக் கூட்டோடு நடக்கும் உடல்நல ஆய்வுக்கு, நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதலுக்கு மேலாக, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியே உடல்நல அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் வேண்டும். நுண்ணுயிர், தாவரம் போன்ற உயிரி வளங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 2002ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டம் பொருந்தும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. முடிந்தவரை மாதிரிகளை மாட்டுங்காவிலேயே பகுப்பாய்வு செய்து தரவை மட்டும் அனுப்புவது காலத்தையும் மிச்சப்படுத்தும், உள்ளூர் ஆய்வகத்தையும் வளர்க்கும். ஆள் விவரம் உள்ள தரவுக்கு ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியும் இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இரண்டும் பார்க்கப்பட வேண்டும்.

தொண்டு அமைப்புகள் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டுப் பணம் தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவிகிதம்தான் உச்சவரம்பு. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பகிரும் பழைய முறையில் வரவுசெலவு போட்டால் திட்டம் முதல் தவணையிலேயே முடங்கும். ஒவ்வோர் அமைப்பும் தனியாகக் கணக்கில் வர வேண்டும். விண்ணப்பம் எழுதும்போதே பட்டயக் கணக்காளரை உட்கார வைப்பது வீண்செலவில்லை.

தனி ஆய்வாளர்களுக்கான வழி

நிறுவனத்துக்கு மூடியிருக்கும் கதவு தனி ஆய்வாளருக்குத் திறந்திருக்கிறது. மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி திட்டங்களில் நாட்டு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இவற்றை அதிகம் பெறுவோரில் இந்தியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். முனைவர் பட்ட வலைத்திட்டங்களில் மாணவர் வேலை ஒப்பந்தத்தோடு சேர்க்கப்படுவார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய உதவித்தொகைக்குப் பட்டம் பெற்றபின் 8 ஆண்டுக்கு மேற்படாத ஆய்வு அனுபவம் என்ற எல்லை உண்டு. முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், இடம் தரும் நிறுவனம் உள்ள நாட்டில் வசித்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நிலை மானியம் 1.5 மில்லியன் யூரோ வரை; எந்த நாட்டவரும் கேட்கலாம், ஆனால் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று இடம் தர வேண்டும். அந்த மன்றத்தின் மானியம் பெற்றவரின் குழுவில் இந்திய ஆய்வாளர்கள் குறுகிய காலம் பணியாற்ற 2016இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. முதுகலைக்கு எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை. சயான், மாட்டுங்கா, செம்பூர்க் கல்லூரிகளின் இளநிலை மாணவர்களுக்கு இதுதான் முதல் படி.

செர்ன் ஆய்வகமும் உயிரியலுக்கான எம்போவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்புகள் அல்ல. இந்தியா செர்னில் 2017 முதலும், எம்போவுக்குப் பின்னுள்ள அரசுகளின் மாநாட்டில் 2016 முதலும் துணை உறுப்பினர். அவற்றின் வாய்ப்புகள் ஹொரைசன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

அண்டை நாட்டோடு சேர்ந்து

இலங்கை ஹொரைசன் யூரோப்பில் தானாகவே நிதி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. வங்கதேசமும் நேபாளமும் அப்படியே. அதாவது ஒரே கூட்டணியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ பேராதனையோ யூரோவில் நிதி பெறலாம், மாட்டுங்காவின் பங்காளி ரூபாயில் இந்தியத் துறையிடம் பெறலாம். கடலோரப் பிளாஸ்டிக், நிலத்தடி நீரின் உப்பேற்றம், வெப்பம், டெங்கு ஆகியவை இரு நாட்டுக்கும் பொதுவானவை. களப்பணியில் தமிழும் பொதுவானது. ஐரோப்பிய மதிப்பீட்டாளருக்குத் தெற்காசியாவின் இரண்டு நாடுகளில் ஒப்பீடு கிடைக்கிறது, இலங்கைப் பங்காளிக்கு மும்பையின் ஆய்வக வசதி கிடைக்கிறது. இந்தச் சேர்க்கை இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. இங்கே மும்பை நிறுவனம் பெரியண்ணன் தோரணை காட்டினால் கூட்டணி நிலைக்காது. யூரோவைக் கையாளும் பொறுப்பும் அதோடு வரும் முடிவெடுக்கும் உரிமையும் இலங்கைப் பங்காளியிடம்தான் இருக்கும்.

காலமும் கணக்கும்

ஒன்றியத்தின் மின்தளத்தில் நிறுவனத்துக்கு 9 இலக்கப் பங்கேற்பாளர் எண் வாங்குவது முதல் வேலை. பெரிய நிறுவனங்களுக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்கும். துறைக்குத் துறை புது எண் வாங்கினால் குழப்பம் வரும், பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அழைப்பு மூடும் நேரம் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி. இந்தியாவில் அது கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. மூடிய நாளிலிருந்து 5 மாதத்துக்குள் முடிவு, 8 மாதத்துக்குள் ஒப்பந்தம் என்பது ஆணையத்தின் இலக்கு. அதற்கு முன் கூட்டணி கூடி எழுத ஆறு மாதமாவது தேவை. ஆகவே நினைத்த நாளிலிருந்து முதல் ஆய்வாளரை நியமிக்க ஒன்றரை ஆண்டு ஆகும்.

ஹொரைசன் யூரோப்பின் இறுதி அழைப்புகள் 2027இல் முடிகின்றன. 2028 முதல் 2034 வரைக்கான அடுத்த திட்டத்துக்கு 175 பில்லியன் யூரோவை ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. 2025 செப்டம்பரில் வெளியான, இந்தியா குறித்த ஒன்றியத்தின் புதிய உத்தியில், இந்தியா ஹொரைசன் யூரோப்போடு இணைந்த நாடாவது பற்றிப் பேசிப் பார்க்கலாம் என்ற கருத்தும் இடம்பெற்றது. கொரியாவும் கனடாவும் கூட்டாய்வுப் பகுதியில் அப்படித்தான் இணைந்தன: நாடு ஒரு பங்குத்தொகையைச் செலுத்தும், அதன் நிறுவனங்கள் ஐரோப்பிய நிறுவனங்களைப் போலப் போட்டியிட்டு நிதி பெறும். இணைந்த நாட்டின் பல்கலைக்கழகங்களும் பொது நிறுவனங்களும் பாலினச் சமத்துவத் திட்டம் ஒன்றை வைத்திருப்பது கட்டாயம். இன்று இந்திய நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் அதை இப்போதே எழுதி நிறுவனத்தின் இணையதளத்தில் இடுவது தடையேதுமில்லாத வேலை.

ஒப்பந்தம் கிடைத்தபின் கோப்பு ஒழுங்கு முக்கியம். ஐரோப்பிய நிதி பெற்ற பங்காளிகள் இறுதித் தவணைக்குப் பிறகு 5 ஆண்டு வரை ஆவணங்களைக் காக்க வேண்டும். தணிக்கை வரலாம். இணைப் பங்காளிக்கு ஐரோப்பியப் பணத் தணிக்கை இல்லையென்றாலும் தொழில்நுட்ப அறிக்கைக்கான அதன் பகுதி ஒருங்கிணைப்பாளருக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இந்தியத் துறை கேட்கும் அறிக்கைக் காலமும் ஐரோப்பிய அறிக்கைக் காலமும் ஒத்துவராது. ஒன்று மார்ச் 31 நிதியாண்டைப் பின்பற்றும், மற்றொன்று திட்டம் தொடங்கிய மாதத்திலிருந்து எண்ணும். இரண்டு நாள்காட்டிகளையும் ஒரே தாளில் வரைந்து, ஒப்புதல் படிவங்களின் மூலப்பிரதி, களக்குறிப்பு, கொள்முதல் பில், வருகைப் பதிவு ஆகியவற்றை யார் எங்கே வைப்பது என்பதைக் கூட்டணி உடன்படிக்கையின் இணைப்பாகச் சேர்த்துவிட வேண்டும். தாராவி போன்ற களத்தில் எடுத்த தரவின் ஒரு பிரதி உள்ளூர்ப் பங்காளியிடம் இருக்கும் என்பதும், அதை அவர்கள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதும் அதே இணைப்பில் எழுதப்பட வேண்டும்.